அக்கா சுரங்கத்துக்குள் இறங்கிய ஞாயிறு

குளிக்கப் போகும்போதும் அக்கா தன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே கொண்டுபோவாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் ஏறி ஐந்து வருடமாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம்; எடுக்காவிட்டால் அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மிச்ச நாட்களில் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் அந்தப் போனுக்குக் காவலிருந்தாள். மொன்றியலில் நடந்த பெறாமகளின், ஒன்றுவிட்ட தங்கை மகளின், கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை.

ஒரு ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டு, "காரை எடு. எங்கையாவது தூரமாப் போவம்," என்றாள். வடக்கே மலைச்சரிவில் இருக்கும் பழைய சுரங்க ஊர் ஒன்றின் படத்தை எங்கோ பார்த்திருக்கிறாள். மூன்று மணி நேர ஓட்டம். அழைப்பு வந்தாலும் திரும்பி ஓட நேரம் காணும் என்று கணக்குப் பார்த்துத்தான் சம்மதித்தேன். ஆனாலும் வழி முழுக்க என் கண் பாதி றோட்டில், பாதி அவள் மடியில் கிடந்த போனில்.

அந்த ஊரில் சரிவு நெடுக மரவீடுகள். ஒன்றின் கூரை மட்டத்தில் அடுத்ததன் வாசல். தங்கம் தீர்ந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். இப்போது எங்களைப் போல வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வருகிறார்கள். சுரங்கத்தைச் சுற்றிக் காட்டும் பெண், உள்ளே முக்கால் மணி நேரம் ஆகும், போன் வேலை செய்யாது என்றாள். நான் காரை நோக்கித் திரும்பினேன். அக்கா அதற்குள் விளக்குப் பூட்டிய தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டாள்.

"உனக்கென்ன விசரே? இவ்வளவு காலம் காத்திருந்திட்டு..."

"நீ மேல நில். போன் உன்னட்ட இருக்கட்டும். அடிச்சா, வாறா எண்டு சொல்லு. அவ்வளவுதானே."

ஊரின் உச்சியில், தேவாலயத்துப் படிக்கட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. மூச்சு வாங்க ஏறிப் போய் நின்றேன். உட்கார முடியவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும், போன் அடித்தது. தெரியாத நம்பர். பச்சைப் பொத்தானை இரண்டு முறை தவறவிட்டு எடுத்தால், வீட்டின் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்யவேண்டுமா என்று விற்பனைக்காரன் ஒருவன் கேட்டான். அவனைத் தமிழிலேயே திட்டித் தீர்த்தேன். நெஞ்சு அடங்க வெகுநேரமானது. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அக்கா இப்படித்தானே ஐந்து வருடம் துடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை அவளுக்குப் பொறுமை அதிகம் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் இறங்கிப் போனபோது வெளியே வந்தவள் போனைப் பற்றிக் கேட்கவில்லை.

"உள்ளுக்கை லைற்றெல்லாம் நூத்துக் காட்டினவை. என்ரை கையே எனக்குத் தெரியேல்லை. முக்கால் மணித்தியாலம் நான் ஒண்டுக்கும் காத்திருக்கேல்லையடி."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி உன்னோடு எங்கேயும் வரமாட்டேன் என்றேன். அவள் சிரித்தாள்.

அந்த அழைப்பு மறு வருடம் ஒரு மத்தியானத்தில் வந்தது. நான் மிசிசாகாவில் வேலையில் நின்றேன். அக்கா தனியே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் எனக்கே சொன்னாள்.

சிறுநீரகம் பொருந்திவிட்டது. இப்போது அவள் கார் ஓடப் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது கிளம்பிவிடுவாள்; நான் எத்தனை தரம் அடித்தாலும் எடுப்பதில்லை. சாளரத்துக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். பொழுதுபட வந்து, "போன் காருக்குள்ள கிடந்ததடி," என்பாள். ஏசத்தான் வாயெடுப்பேன். அவள் சப்பாத்தைக் கழற்றி வாசலில் தட்ட, எந்த ஏரிக்கரையினதோ மணல் கொட்டும். எங்கே போனாய் என்று கேட்டுவிடுவேன்.