வலமாக வரைந்த குழாய்

என் மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயத்தில் நான் மறுபடி வேலைக்குப் போனேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். மணமக்கள் தலையில் ரோஜா இதழ் கொட்டுவதற்காக வாங்கிய மென்பொருளை வைத்து, சுற்றிலும் வயல்களில் முளைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குப் படம் செய்து கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. அந்த யோசனைக்கு மொத்தப் பணியாளர் நான் ஒருத்திதான்.

முதல் வேலை வல்லம் வடகால் பக்கம் வந்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து கிடைத்தது. காரின் வெளிக்கூட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் அதைக் கழுவுவார்கள். வில் மாதிரி வளைந்த ஒரு குழாய், அதன் உள்பக்கம் நெடுகத் துளைகள். கார் அதனடியில் நுழைந்து போகும்போது எல்லாத் துளைகளிலிருந்தும் தண்ணீர் அதன்மேல் பீய்ச்சும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் காட்ட இதை அசையும் படமாகச் செய்து தர வேண்டும்.

முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். “இது அவங்களுக்குப் புடிக்கலன்னு வச்சுக்கோம்மா, கம்ப்யூட்டரை வித்துட்டு நான் பாட்டுக்கு கேமராவைத் தூக்கினு மண்டபத்துக்குப் போயிடுவேன். அங்க உனுக்கு வேலை இல்ல.”

குழந்தையை, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்த வேலையும் போய்விட்டால், எதற்காக விட்டுவிட்டு வந்தேன் என்று யார் கேட்டாலும் சொல்லப் பதில் இருக்காது. யாரும் கேட்கவில்லை. நானே மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை பார்வைக்குச் சுலபம். திரையில் ஒரு வளைகோடு வரைய வேண்டும். அந்தக் கோடு நெடுகத் துகள்கள் புறப்படும்படி சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான துகள்கள் சேர்ந்தால் தண்ணீர். வரைந்தேன், ஓட்டினேன். தண்ணீர் பிரமாதமாகப் பீய்ச்சியது, வெளிப்பக்கமாக. நான்கு சுவரும் பளபளவென்று நனைந்தன. நடுவில் கார் சொட்டு ஈரமில்லாமல் நகர்ந்து போனது.

முதலாளி பின்னால் நின்று பார்த்தார். “இன்னாம்மா இது, காரைத் தவிர எல்லாத்தையும் கழுவுது?”

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று வேகத்தைக் குறைத்தேன். தண்ணீர் மெதுவாகச் சுவரை நனைத்தது. புவியீர்ப்பில் கை வைத்தேன். தண்ணீரும் காரும் சேர்ந்து கூரைக்குப் போயின. கடைசியில்தான் விஷயம் பிடிபட்டது. கோட்டை எந்தத் திசையில் வரைகிறோமோ அந்தத் திசையில் நடந்து போவதாக வைத்துக்கொண்டால், துகள்கள் எப்போதும் இடக்கைப் பக்கம்தான் தெறிக்கும். நான் இடப்பக்கம் தரையில் தொடங்கி, மேலே ஏறி, வலப்பக்கம் இறங்கியிருந்தேன். அதாவது வலமாக. ஆரத்தி சுற்றிப் பழகிய கை, யோசிக்காமல் அப்படித்தான் போயிருக்கிறது. கோயிலில் வலம் வரும்போது சாமி வலக்கைப் பக்கம் இருப்பார். மென்பொருளோ இடக்கைப் பக்கம் பீய்ச்சுகிறது. கார் எப்படி நனையும்?

“ரிவர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு சார். அமுக்கினா சரியாயிடும்” என்றேன்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. “மொத கஸ்டமரு. மொத வேலை. அதுல ரிவர்ஸை அமுக்கச் சொல்றியா? கெளம்புன வண்டியை வூட்டுக்கே திருப்பற மாதிரி?”

“அப்ப அழிச்சிட்டு இடமா வரைஞ்சிடட்டுமா சார்?”

“இடமாவா!” என்றவர் மானிட்டர் மேல் தான் வைத்திருந்த சந்தனப் பொட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “வேற வழி பாரும்மா. படிச்ச பொண்ணுதானே.”

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. பகுத்தறிவு என் பட்டத்தில் இருந்தது, சளி அவள் மூக்கில் இருந்தது.

மறுநாள் கம்பெனி இன்ஜினியர் பார்க்க வருவதாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வீட்டுக்கார அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “பாப்பா தும்மினே கீது. எல்லாம் கண்ணுதான். மடியில வச்சுகினு அப்படியே கெழக்கே பாத்து உக்காரு.”

உட்கார்ந்தேன். அக்கா எதிரில் நின்று கற்பூரத்தை ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார். குழந்தை அதைப் பிடிக்கத் தாவியது. நான் அதன் கையைப் பிடித்தபடி சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடுக்கென்றது.

“அக்கா, இடமா சுத்துறீங்க!”

“இடமா சுத்துறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா? வலமாத்தான் சுத்துறேன்.”

“எனக்கு இடமாத் தெரியுதே.”

“நீ அந்தாண்ட உக்காந்துகினு பாத்தா அப்படித்தான் தெரியும். என் கை, என் வலம். கம்முனு புள்ளையப் புடி.”

குழந்தைக்குத் திருஷ்டி போயிற்றோ இல்லையோ, எனக்கு வழி கிடைத்துவிட்டது. வளைவுக்குப் பின்பக்கம் போய் நின்று வலமாக வரைந்தால், முன்பக்கத்துக்கு அது இடம். மென்பொருள் எப்போதும் முன்பக்கத்தை வைத்துத்தான் இடக்கை எது என்று முடிவு செய்கிறது.

காலையில் முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து, காட்சியைப் பின்பக்கத்துக்குத் திருப்பி, அவர் கண் முன்னாலேயே வலமாக ஒரு வில் வரைந்தேன். ஓட்டியதும் தண்ணீர் உள்பக்கம் பாய்ந்து கார் முழுக்க நனைந்தது.

“வலம்தானே?”

“நீங்களே பாத்தீங்களே சார்.”

“பாத்தேன். ஆனா தண்ணி எப்படித் திரும்புச்சு?” என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். “வேணாம், சொல்லாத. நல்லா ஓடினுகீது.”

இன்ஜினியர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்ன வயது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை ஓட்டச் சொன்னார், இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

“தண்ணி எல்லாம் சரிதாங்க. ஆனா வண்டியோட முதுகையே காமிக்கிறீங்களே, மூஞ்சி எங்க?”

பதற்றத்தில் நான் காட்சியைப் பின்பக்கத்திலேயே விட்டிருந்தேன்.

“பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட முதுகைக் காட்டினு உக்காந்தா எப்படிம்மா?” என்று முதலாளி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கும் எனக்கும் ஒரே பயம். முன்பக்கம் திரும்பினால் தண்ணீரும் வெளியே திரும்பிவிடுமோ? திரும்பாது, கோடு அதே கோடுதான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நேற்று காரைக் கூரைக்கு அனுப்பியவள் நான்தானே என்று கை தயங்கியது. கண்ணை இறுக்கிக்கொண்டு காட்சியைத் திருப்பி, ஓட்டிவிட்டேன்.

“ஆங், இதான்” என்றார் இன்ஜினியர்.

கண்ணைத் திறந்தேன். கார் முகத்தைக் காட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, தலையோடு கால் நனைந்தபடி.

“அடுத்து பெயிண்ட் அடிக்கிற எடம் இருக்கு. அதையும் நீங்களே பண்ணிக் குடுத்திருங்க.”

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “எல்லாம் வலமாவே பண்ணிருக்கோம் சார்.”

“அப்படின்னா?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“குவாலிட்டி சார்” என்றார் முதலாளி.

இன்ஜினியர் போனதும் கீழே கடைக்கு ஓடிப்போய் வீட்டுக்கார அக்காவுக்கு போன் செய்தேன். “வேலை நின்னுடுச்சுக்கா. அதாவது, போகலை. நிலைச்சிடுச்சு.”

“அப்ப நாளைக்கும் உன் பொண்ணு என்கிட்டதானா?” என்றார் அக்கா. பின்னால் என் மகள் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. “சரி, வரும்போது பால் பவுடர் வாங்கினு வா.”

அவர் சந்தோஷமாகச் சொன்னாரா, சலித்துக்கொண்டு சொன்னாரா என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.