மீன் தொரைக்குச் சோறாக்கிய மயிலம்மாள்

மயிலம்மாள் சாமி மீனை அறுத்து, மிளகு அரைத்து, மீன் தொரைக்குக் குழம்பு வைத்துப் போட்டாளாம். அதைத் தின்ற தெம்பில்தான் அவன் சீமைக்குத் திரும்பிப் பெரிய புரொபசர் ஆனானாம். பேளுக்குறிச்சிச் சந்தையில் இதைச் சொல்கிறவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு மலைமேல் இல்லை. நடந்தது வேறு. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் சந்தைக்குப் போங்கள்.

தொரையின் பேர் ஒக்தாவ் மெர்லான். வாயில் நுழையாததால் மலை முழுக்க மீன் தொரை. பிரான்சில் கடலோரத்து ஊர். அப்பன் பீப்பாய் செய்கிறவன். சின்ன வயசில் பல்லியின் வால் அறுந்து மறுபடி முளைத்ததைப் பார்த்தவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதையே படித்து, அதையே எழுதி, புதுச்சேரியில் ஒரு காலேஜில் பதினொரு வருஷம் பாடம் நடத்தினான். அங்கேதான் ஒருத்தர், கொல்லிமலை அறப்பளீஸ்வரர் அறுத்த மீனை ஒட்டவைத்து ஆற்றில் விட்ட கதையைச் சொன்னார். அவர் பக்தியில் சொன்னார். இவன் பெட்டியைக் கட்டிவிட்டான்.

வருஷம் 1934, ஆனி மாதம். மலைக்கு ரோடு ஏது? கண்ணாடித் தொட்டியை வைக்கோலில் சுற்றித் தலைச்சுமையாக ஏற்றினார்கள். ஊர்க்கவுண்டர் அப்பாசாமி முதல் நாளே கறாராகச் சொன்னார்.

“தொரைங்களே, கோயில் துறைப் பக்கம் கால் வெக்கப்படாதுங்க. அந்த மீனுக்குச் சோறு போட்டுட்டுத்தான் சாமிக்கே படைக்கறோம்.”

“வெக்கமாட்டேன்” என்றான் தொரை, புதுச்சேரிச் சமையல்காரனிடம் கற்ற தமிழில்.

கால் வைக்கவில்லை, சரி. கண் வைத்தானா? மயிலம்மாளுக்கு அங்கேதான் சந்தேகம். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, ஓடையோரம் ஒரு துண்டு வயல் மட்டும் அவளுக்கு. தொரையின் குடிசை அந்த வயல் ஓரத்தில். சோறாக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. அவன் அஞ்சு மீன் கேட்டான். தன் வயல் வாய்க்காலில் கூடை வைத்து அவளே பிடித்துக் கொடுத்தாள். அவன் குட்டிக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றின் வால் நுனியையும் நறுக்கித் தொட்டியில் விட்டு, தினம் காலையில் அளந்து எழுதினான்.

“வளந்தா என்னங்க பண்ணுவீங்க?”

“மறுபடி வெட்டுவேன்.”

இப்படி ஒருத்தனை எதைக்கொண்டு நம்புவது? அவன் குளிக்கப் போனால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். புட்டிக்குள் தவளை மிதக்கும், மூடிவிடுவாள். மீனை மூன்று வேளையும் எண்ணுவாள். சமையல் முடிந்ததும் அகப்பையில் ஒட்டிய சாமைச் சோற்றைத் தொட்டி விளிம்பில் டொக் டொக்கென்று தட்டி உள்ளே விடுவாள். வால் அறுந்த பிராணிகள், தின்னட்டுமே.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலையில் எண்ணினாள். ஆறு. கொடியில் தொரையின் கால்சட்டை முட்டிவரை சேறும் ஈரமுமாகத் தொங்கியது.

“ஆறாவது எங்கிருந்துங்க வந்துச்சு?”

“வந்தது” என்றான், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

கோயில் துறையில் இறங்கிவிட்டானோ என்று அவள் மறுபடி எண்ணினாள்; ஆறுதான். போதாததற்கு, நெருப்புக் கேட்டு வந்த நாத்தனார் முனியாயி தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மயிலம்மாளை ஊர் ஒதுக்கினால் வயல் யார் கைக்கு வரும் என்று முனியாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் ஊரே குடிசை முன்னால்.

“வால் அறுத்த சாமி மீனுங்க! துறையில புடிச்சுக் குடுத்துட்டு எங்க அண்ணி ஒண்ணும் தெரியாதவங்களாட்ட நிக்கறாங்க பாருங்க!”

கவுண்டர் தொண்டையைச் செருமினார். “இந்தாம்மா மயிலு, நெசமா இருந்தா இந்த மலையில உனக்கு நெருப்புங் கெடையாது, தண்ணியுங் கெடையாது. வயலை உட்டுப்போட்டுக் கீழ எறங்கிக்க.”

“கோயில் மீனு நெழலு உழுந்தாலே வாயைப் பொளந்துக்கிட்டு வருமுங்க. வயல் மீனு ஓடி ஒளியும். சோறு போட்டுப் பாத்துரலாமுங்க.”

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஆறாவது துறை மீனாக இருந்து மேலே வந்துவிடுமோ என்று கண் அதிலேயே இருந்தது. பதற்றத்தில், பழக்க தோஷமாக, அகப்பையை விளிம்பில் தட்டிச் சோற்றை விட்டாள்.

அஞ்சு மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

“பாத்தீங்களா!” என்று குதித்தாள் முனியாயி. மயிலம்மாள் தொரையைத் திரும்பிப் பார்த்தாள்.

தொரைதான் எழுந்தான். அவளைக் காப்பாற்ற எழுந்தானா, வேறு எதற்கா, அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. கவுண்டர் கையில் சோற்றை வைத்தான். “நீங்க போடுங்க. அகப்பை வேண்டாம்.”

கவுண்டர் போட்டார். ஆறும் தொட்டிக்குள் கிடந்த கல்லுக்கடியில் ஓடிவிட்டன. முனியாயியையும் போடச் சொன்னான். ஒன்றும் அசையவில்லை. பிறகு மயிலம்மாளை வெறும் அகப்பையால் தட்டச் சொன்னான். டொக் டொக். அஞ்சு வந்தன, ஆறாவது வரவில்லை. தொரை எழுதிய வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

“சோத்துக்கு வரல. சத்தத்துக்கு வருது!”

“அந்த ஆறாவது?” என்றார் கவுண்டர்.

தொரை காது சிவந்தான். “அது புதுசு. நானே வாய்க்கால்ல புடிச்சேன். உழுந்துட்டேன். வெக்கமா இருந்தது, சொல்லல.” முட்டியில் இருந்த சிராய்ப்பைக் காட்டினான்.

“கோயில் மீனு ஆரு போட்டாலும் வரும், அதுக்கு இத்தனை ரோஷம் இருக்காதுடா சாமி” என்று கவுண்டர் சிரித்துவிட்டார். வயல் தப்பியது.

“எங்க அண்ணி அப்படிப்பட்ட ஆளில்லீன்னு நான் அப்பவே நெனச்சேன்” என்றாள் முனியாயி.

ஐப்பசியில் தொரை மலை இறங்கினான். ரெண்டு வருஷம் கழித்து ஒரு புத்தகம் தபாலில் வந்தது. அவன் பேருக்கு முன்னால் புரொபசர் என்று போட்டிருந்ததாகத் தபால்காரர் சொன்னார். உள்ளே மீன் படம், தொட்டி படம், அச்சாக அவளுடைய அகப்பையின் படம். அவள் பேர் இருந்ததா என்று படித்துச் சொல்ல மலையில் ஆளில்லை. இருக்காது என்பதே இன்றுவரை அவள் சந்தேகம்.

போன சந்தையில் ஒரு வாயாடி அவளையே கேட்டுவிட்டான்: “ஏனுங்கக்கா, சாமி மீனை அறுத்துத் தொரைக்குக் கொழம்பு வெச்சீங்களாமே?”

மயிலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

“தொரை மீனே திங்க மாட்டான், கீரைச்சோறுதான். கொழம்பு வெச்சது நெசம், அவன் எறங்குன அன்னைக்குச் சாயங்காலம். தின்னது நானு. ஆறும் என் வயல் மீனு. அந்த ஆறாவதுல ஒரே முள்ளு.”