நெல்லின் மேல் நின்ற கார்

சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் என் துஆவை ஏற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதக் கை கூசுகிறது.

போன குறுவை அறுவடை சமயம். கூத்தாநல்லூரில் காலையிலேயே உம்மாவுக்கு மூச்சுத் திணறல். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். நானே காரை எடுத்துக்கொண்டு உம்மாவோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வடுவூர் தாண்டியதும் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓர் அக்கா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். ஹார்னிலிருந்து கையை எடுக்காமல், "ரோடு என்ன ஒங்க வூட்டுக் களமா?" என்று கத்திக்கொண்டே நெல்லின் மேல் ஏற்றினேன்.

அங்கேயே கார் நின்றுவிட்டது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை. பின் சீட்டில் உம்மா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கைகாட்டியும் எந்த வண்டியும் நிற்கவில்லை.

கணவருக்குப் போன் போட்டேன். "சாவியப் போட்டதும் பின்னால பம்ப் சத்தம் கேக்குதா?" கேட்கவில்லை. பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலே போயிருக்கும் என்றார். பானெட்டைத் திறந்தால், ஃப்யூஸ் பெட்டியில் ஒரே மாதிரி நாலு கறுப்புக் கட்டைகள். எது எந்த ரிலே என்று காட்டும் படம் மூடியில் அழிந்திருந்தது. "யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு" என்று அழுதேன்.

"ஹார்ன் ரிலேயும் அதே மாதிரிதான். யாரையாவது ஹார்ன அழுத்தச் சொல்லு. எது டக்குங்குதுன்னு தொட்டுப் பாத்து, அதப் புடுங்கி, பம்ப் சத்தம் கேக்குற வரைக்கும் மத்த எடத்துல மாத்திப் போடு" என்றார் கணவர்.

நிமிர்ந்தேன். அந்த அக்கா உம்மாவைத் தோளில் சாய்த்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ!

"அக்கா, ஹார்னக் கொஞ்சம் அழுத்துறீங்களா?" என்று கேட்டேன். அவர் என் சீட்டில் உட்கார்ந்து பயந்து பயந்து தொட்டார். "நல்லா அழுத்துங்கக்கா." எதை அடித்து அவரை விரட்டினேனோ, அதையே அழுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். வெட்கத்தில் செத்தேன். ஒரு கட்டை விரலுக்கடியில் டக்கென்றது. அதைப் பிடுங்கி மற்ற இடங்களில் மாற்றிச் செருகியதில், ஓரிடத்தில் பம்ப் முனகி, கார் ஸ்டார்ட் ஆனது. அல்ஹம்துலில்லாஹ்!

ரிலேயைப் பிடுங்கிவிட்டதால் இனி ஹார்ன் அடிக்காது. அக்காவே தன் நெல்லை ஒதுக்கிவிட்டு, "ஒடம்பு முடியாதவங்க வண்டி, வழி விடுங்க!" என்று முன்னால் நெல் காயப்போட்டிருந்தவர்களுக்கும் குரல் கொடுத்தார்.

"மன்னிச்சிருங்கக்கா."

"மொதல்ல அம்மாவப் பாரு தங்கச்சி."

உம்மா பிழைத்துக்கொண்டார். இப்போது ரோட்டில் நெல்லைக் கண்டால், இறங்கிப்போய்க் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள். நிச்சயம் அனுப்புவான். நான் கேட்கும் முன்பே அனுப்பியிருந்தான். அவரைத்தான் நான் ஹார்ன் அடித்து விரட்டிக்கொண்டிருந்தேன்.