வியர்க்காத உடம்புக்கு ஒரு ஏசி

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, பாகாலா பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. அங்கே ஒரு தகரக் கேபினில் என் நண்பனும் அவன் மனைவியும் காவலுக்கு இருந்தார்கள். காவல் என்றால் அவள்தான் காவல். அவன் அதற்கு முந்தைய சீசனில் காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து, கழுத்து நரம்பில் அடிபட்டவன். பேசுவான், தலையைத் திருப்புவான். அதற்குக் கீழே ஒன்றும் அசையாது.

படுக்கை வாழ்க்கையை எப்படியோ பழகிக்கொண்டார்கள். வெயிலைத்தான் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்படி அடிபட்ட உடம்புக்குச் சரியாக வியர்க்காதாம். சூடு ஏறினால் இறங்காது, உயிருக்கே ஆபத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தகரத்துக்கு அடியில் குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது?

நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு ஊரில் தங்காதவன். கல் குவாரி, லாரி கிளீனர், மூட்டை தூக்குவது எல்லாம் பார்த்தாயிற்று. அனந்தபூர் பக்கம் சோலார் பலகை மாட்டும் கூலியாகவும் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே பார்த்துக் கற்றதை நம்பித்தான் அவனுக்குச் சோலாரில் ஏசி மாட்டித் தர இறங்கினேன்.

தோப்புக்கு வரும் கரண்டு மதியத்தில் ஏசியைக் கிளப்பாது. பெரிய பேட்டரிக்கு வசதியில்லை. ஆனால் வெயில் கொளுத்தும் நேரத்தில்தான் அவனுக்கு ஏசி வேண்டும், அந்த நேரத்தில்தான் சோலாரும் நன்றாக ஓடும். அதனால் சின்ன பேட்டரி போதும். முதலில் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் தென்னங்கீற்று பரப்பினேன். உள்ளே தெர்மாகோல் ஒட்டினேன். பாதிச் சூடு அதிலேயே குறைந்தது. பிறகு ஒரு சிறிய ஏசி, யாரோ கழற்றிப் போட்ட பழைய பலகைகள். கூரை பாரம் தாங்காது என்பதால் கேபினுக்குப் பின்னால் தரையிலேயே இரும்புச் சட்டம் அடித்துப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தினேன்.

தோப்புக்காரர் தெலுங்குக்காரர். "எண்டதோ ஏசியா? நீக்கேமைனா பிச்சா?" என்றார். வெயிலை வைத்து ஏசியா, உனக்கென்ன பைத்தியமா என்று அர்த்தம். நண்பன் படுத்தபடியே, "உள்ள வந்து ஒரு நிமிசம் நில்லுங்க சார், அப்புறம் வீட்டுக்குப் போவ மாட்டீங்க" என்றான். சனிக்கிழமை ஓட்டியதிலிருந்து ஆறு நாள் நன்றாக ஓடியது. "பட்டப்பகல்ல போர்வ கேக்கறான்ண்ணா" என்று அவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் பலமனேருக்குத் தக்காளி மண்டி வேலைக்குக் கிளம்பினேன். கிணற்றில் குளித்து, பையைத் தோளில் மாட்டி, சொல்லிக்கொண்டு போகக் கேபினுக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடித்தது. இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தது. அவள் ஈரத்துணியால் அவன் மார்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போலருந்து கத்திக்கினே இருக்குதுண்ணா. தானா சரியாப் பூடும்னு பாத்தேன்."

அவன் முகம் சிவந்து, காய்ந்து கிடந்தது. "மச்சான், கண்ணு மங்கிக்கினு வருது" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியது எனக்குப் புரியவில்லை. நாக்கு குழறியது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். வந்து சேர நேரமாகும் என்றார்கள். அவளைத் துணியை நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு ஏசியைத் திறந்தேன். பழுதில்லை. வயர் சூடாகவில்லை. பேட்டரி மட்டும் காலி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேட்டரி எப்படிக் காலியாகும்? கடைசியாகத்தான் பின்பக்கம் ஓடினேன்.

எல்லாப் பலகைகளின் கீழ் விளிம்பிலும், ஒரு கை அகலத்துக்கு, கெட்டியாக மஞ்சளும் சந்தனமும் பூசியிருந்தது. நடுநடுவே குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமை வாசற்படிக்குப் பூசுவது போலவே, அத்தனை அழகாக.

கீழ் வரிசை மறைந்தால் அந்த வரிசை மட்டும் போகாது, பலகை முழுவதும் படுத்துவிடும். குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றவும் பயம். சுடுகிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டு விரிசல் விட்டால் எல்லாம் போயிற்று. லுங்கியை நனைத்துப் பிழிந்து, காய்ந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். உள்ளேயிருந்து அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் கேட்கவில்லை.

இன்வெர்ட்டர் கத்துவது நின்றது. ஆனாலும் ஏசி உடனே குளிரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நனைத்துக்கொண்டே இருந்தோம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் சோதித்துவிட்டு, சூடு இறங்குகிறது, எதற்கும் ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று ஏற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் எல்லோரும் திரும்பி வந்ததும், பலகையில் பூசிய மஞ்சளால்தான் ஏசி நின்றது என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் பூசுவாள். அவள் முகம் வெளுத்தது. படுக்கையிலிருந்து அவன், "மீனுக்குத் தடவுற மாரி தடவிகீறா பாரு. கொழம்பு வெச்சித் துன்னலாம்னு இருந்தியா?" என்றான். அவள் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு என்னைக் கேட்டாள்: "என் ஊட்டுக்காரன் உசுரு இதுலதான் இருக்குது. பூசாம இருக்க மனசு வர்ல. வேற எங்க பூசட்டும்ண்ணா?"

இரும்புச் சட்டத்தின் கால்களைக் காட்டினேன். உடனே மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள்.

அவன் இன்றும் அந்தக் கேபினில்தான் இருக்கிறான், அந்த ஏசியும் ஓடுகிறது. நானும் இன்னும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் யார் வீட்டில் எதை மாட்டிக் கொடுத்தாலும், அந்த வீட்டுக்காரர்கள் அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது இருந்து பார்க்காமல் பையைத் தோளில் மாட்டுவதில்லை.