ஒண்ணுமில்லைன்னா இறங்கு

ரோபர்ட்டா ஸ்விம் என்னைத் தன் கட்டிலிலிருந்து இறக்கிவிட்ட கதையை ஊரில் எனக்குப் பின்னால்தான் பேசுவார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல். அவள் உடம்பு நீவிவிடும் தொழில் செய்பவள். தோள், முதுகு, முட்டி என்று எது பிடித்துக்கொண்டாலும் அவளிடம்தான் போக வேண்டும். கட்டில் என்று நான் சொல்வது அந்தத் தொழிலுக்கான கட்டில், முகத்துக்கு ஓட்டை வைத்தது. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துக்கொள்ளலாம்.

அந்த வருஷம் மே மாதம் சிங்கி இறால் சீசன் முடிந்த கையோடு என் இடுப்பு பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. என் மனைவி மார்லீன் என்னை வண்டியில் திணித்துக் கொண்டுபோய் அங்கே இறக்கினாள். ரோபர்ட்டாவின் அறையில் சிங்கி இறால் பிடிக்கும் கூடு ஒன்று கிடக்கும், கம்பி வலை போட்ட நிஜக் கூடு. வருகிற ஒவ்வொருவனும் அதை ஒருமுறை தூக்கி மேடையில் வைக்க வேண்டும். உடம்பு எங்கே கோணுகிறது என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். நானும் தூக்கினேன். பிறகு குப்புறப் படுத்தேன்.

"எங்க வலிக்குது டெல்பர்ட்?"

"ஒண்ணுமில்ல."

"இங்க?"

"ஒண்ணுமில்ல."

"சரி. ஒண்ணுமில்லாதவனுக்கு இங்க வேலையில்ல. இறங்கு."

வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தேன். என் சட்டையை எடுத்து என் முதுகின் மேலேயே போட்டாள். படகுக்குத் தலைவன் நான், இருபது வருஷமாக என் படகில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கையில் பூட்ஸோடு மாடிப்படி இறங்கினேன். இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று மார்லீனிடம் சத்தியம் செய்தேன். "இடுப்பு கேக்கணுமே" என்றாள் அவள்.

கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் இந்தத் தென்கோடியில் ஆண்பிள்ளை எவனும் வலிக்கிறது என்று சொல்லமாட்டான். கை ஒடிந்தால் 'கொஞ்சம் மக்கர் பண்ணுது' என்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்கூட 'காலையில சாப்பிட்ட மீன் வடை' என்பான். இதைப் பெருமை என்று நினைத்துத்தான் நானும் வளர்ந்தேன்.

ரோபர்ட்டாவும் இதே ஊர்தான். பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே மீன் தொழிற்சாலையில் கத்தியைப் பிடித்தவள். ஈரத் தரையில் நின்று காட் மீனைக் கிழித்துக் கிழித்து ஒருநாள் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. தலை சீவ முடியவில்லை. அப்போதும் மேற்பார்வையாளரிடம் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னாளாம். கடைசியில் பக்கத்து ஊரான யார்மத்தில் ஒரு அம்மாள் அந்தத் தோளை ஒரு குளிர்காலம் முழுக்க நீவி நீவித் திரும்பக் கொண்டுவந்தாள். கை மேலே போன அன்றைக்கே ரோபர்ட்டா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாற்பது வயதை நெருங்கும்போது ஹாலிஃபாக்ஸுக்குப் போய், தன் மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து எலும்பின் பெயரும் தசையின் பெயரும் படித்தாள். தேர்வில் ஒருமுறை தோற்றாள். மறுபடி எழுதினாள். திரும்பி வந்து தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே பழைய வலைக்கிடங்கின் மாடியை வாடகைக்கு எடுத்துப் பலகை மாட்டினாள்.

ஆரம்பத்தில் பெண்கள் மட்டும் போனார்கள். பிறகு ஆண்கள் போனார்கள், பின்வாசல் வழியாக. வண்டியை அவள் வாசலில் நிறுத்தினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே, அதனால் பக்கத்துத் தேவாலயத்து வளாகத்தில் நிறுத்திவிட்டு வேலியோரமாகப் பதுங்கிப் போவார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இத்தனை வண்டிகளைப் பார்த்த புதுப் பாஸ்டர் ஊரில் பக்தி பெருகிவிட்டதென்று பூரித்துப்போனார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

நான் இறக்கிவிடப்பட்ட அதே வருஷம் நவம்பரில்தான் இது நடந்தது. நவம்பர் கடைசித் திங்கள் எங்களுக்குக் கூடு இறக்கும் நாள், புது சீசன் தொடங்குவது அன்றைக்குத்தான். விடியும் முன்னே எல்லாப் படகும் ஆள் உயரத்துக்குக் கூடுகளை அடுக்கிக்கொண்டு ஒன்றாகப் புறப்படும், ஊரே துறையில் நின்று கையாட்டும். கூடுகளைப் பின்பக்கமிருந்து கடலில் தள்ளும்போது கயிறு சீறிக்கொண்டு ஓடும். அதில் கையோ காலோ மாட்டினால் கூட்டோடு கூடாக ஆளும் போவான். என் படகில் பின்பக்கம் நிற்பவன் லார்ன், மார்லீனின் தம்பி. அவனுக்குத் தோள் சரியில்லை. அவன் வண்டியும் பழுது பார்க்கப் போயிருந்ததால் அதற்கு முந்தைய புதன்கிழமை நான்தான் அவனை ரோபர்ட்டாவிடம் கொண்டுபோனேன். உள்ளே போகவில்லை. முன்னறையில் ஒரு பழைய பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தேன். நடுவில் இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர்.

லார்ன் கூட்டைத் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு லார்ன் கேட்டான்.

"ரோபர்ட்டா, உன் கட்டைவிரல் என்னாச்சு? அழுத்தவே மாட்டேங்குது."

"ஒண்ணுமில்ல."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"எங்கடா எந்திரிக்கிற?"

"நீதானே சொல்லுவே. ஒண்ணுமில்லைன்னா இறங்கணும்."

"அது படுக்கிறவனுக்கு. எனக்கில்ல."

"அப்படின்னு பலகையில எழுதி வச்சிருக்கியா? மூணு நிமிஷமா கையை மாத்தி மாத்தி வைக்கிற. கேட்டா ஒண்ணுமில்லங்கிற. உண்மையைச் சொல்லு, படுக்குறேன்."

"முதல்ல நீ சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போடா!"

லார்ன் வெறுங்காலோடு, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "மச்சான், போலாம்" என்றான். வண்டியில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் மருந்தை அவளுக்கே கொடுத்துவிட்டானே! அவன் சிரிக்கவில்லை. "அவ கை வீங்கியிருக்கு மச்சான்," என்றான். என் சிரிப்பு அதோடு நின்றது.

வியாழன் போயிற்று. லார்ன் போகவும் இல்லை, அவள் கூப்பிடவும் இல்லை. இரண்டு பேருமே கழுதைப் பிடிவாதம். எனக்கோ திங்களுக்குள் அவன் தோள் வேண்டும். வெள்ளிக்கிழமை என் சத்தியத்தை விழுங்கிவிட்டு அவள் வாசலுக்கே வண்டியை விட்டேன், முன்வாசலுக்கு. எதிரே தீயணைப்பு நிலையத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கதவை இடது கையால் திறந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு பட்டை. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. லார்ன் தோளைப் பாரு. திங்கக்கிழமை கடலுக்குப் போகணும்."

"எதை வச்சுப் பாக்குறது? இதை வச்சா?" பட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கட்டைவிரல் அடிமூட்டு தேஞ்சுபோச்சாம். யார்மத்து டாக்டரு படமெல்லாம் எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னாரு. இனிமே இந்த விரலால அழுத்தக்கூடாதாம். அழுத்தினா காபி கோப்பையக்கூடப் புடிக்க முடியாதாம். வசந்தத்துலயே சொல்லிட்டாரு. போதுமா?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா? பாவம் ரோபர்ட்டான்னு ஆளுக்கொரு கேக் செஞ்சு கொண்டுவருவீங்க. ஒருத்தனும் முதுகைக் கொண்டுவர மாட்டான். நான் மறுபடி அந்த ஈரத் தரையில போயி நிக்கணும். நிக்க மாட்டேன் டெல்பர்ட். செத்தாலும் நிக்க மாட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கியது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"வேற வழியே இல்லையா?" என்றேன்.

"இருக்கு. முழங்கை, முன்கை. ஹாலிஃபாக்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் விரலை நம்பி அதை விட்டுட்டேன்." கட்டிலைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். "இப்ப புதுசாப் பழகணும். விரலுக்குத் தெரியுறது முழங்கைக்குத் தெரியாது. எங்க எலும்பு, எங்க முடிச்சு, எவ்வளவு அழுத்தலாம், எல்லாம் படுத்திருக்கிறவன் வாயைத் திறந்து சொல்லணும். இந்த ஊருல எவன் சொல்லுவான்? ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டே விலா எலும்பை ஒடிச்சுக்குவீங்க. உங்களை வச்சு நான் என்னத்தைப் பழகுறது?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவள் தொழில் நிலைப்பதும் போவதும் எங்கள் வாயில் இருந்தது. உலகத்திலேயே வாயைத் திறக்காத ஆட்களிடம் வந்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய் லார்னிடம் அத்தனையும் சொன்னேன், சொல்லச் சொல்லித்தான் அவள் என்னை அனுப்பியிருந்தாள். அவன் சமையலறை மேஜையில் கையைப் பரப்பி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவ சொல்லிட்டாள்ல, நானும் சொல்லிர்றேன் மச்சான்," என்றான். "தோள் மட்டுமில்ல. இந்த ரெண்டு விரலும் மரத்துப்போகுது. கயிறு கையில இருக்கா இல்லையான்னே சில நேரம் தெரியல."

மார்லீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை வச்சுக்கிட்டா திங்கக்கிழமை பின்னாடி நிக்கிறதா இருந்தே?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை ஒரு அறை விட்டிருப்பேன். ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், அது எனக்கும் தெரியும், மார்லீனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை ரோபர்ட்டா அவன் கழுத்தையும் கையையும் அசைத்துப் பார்த்தாள். "இது என் வேலை மட்டும் இல்ல. கழுத்துல நரம்பு எங்கயோ நசுங்குது. டாக்டர்கிட்ட போ, அவர் பார்த்துட்டு அனுப்பினா நான் பாக்குறேன். அதுவரைக்கும் கயிறைத் தொடாதே," என்று சொல்லிவிட்டாள்.

திங்கள் விடியலில் துறை விளக்குகளின் கீழே ஊர் மொத்தமும் நின்றது. லார்ன் என் இடத்தில் சுக்கான் பிடித்து நின்றான். நான் தண்ணீர் புகாத எண்ணெய்த்துணி அங்கியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் அவன் இடத்தில், கூடுகளுக்கு நடுவே நின்றேன். கூடு இறக்கும் நாளில் சுக்கானை விட்டுக்கொடுத்த தலைவனை இந்தத் துறை பார்த்ததில்லை. பக்கத்துப் படகிலிருந்து கிளேட்டன் கோரம் கத்தினான்.

"என்ன டெல்பர்ட், படகை மச்சானுக்கு எழுதிக் குடுத்துட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லார்ன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "என் கை மரத்துப்போச்சு கிளேட்டன்! உன் வாயும் கொஞ்சம் மரத்துப்போனா ஊருக்கு நல்லது!"

துறையில் எங்கிருந்தோ ஒருத்தி கைதட்டினாள். கூட்டத்தில் தேடினேன். ரோபர்ட்டா பட்டை போட்ட கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள், எல்லோரும் பார்க்கும்படி.

அன்றைக்கு நான் தள்ளிய கூடுகளை எண்ணவில்லை. என் இடுப்பு எண்ணியது. இருட்டிய பிறகு கரை சேர்ந்ததும் கயிற்றைக் கட்டக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. மறுநாள் காலை லார்னும் மார்லீனும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து என்னை அந்த மாடிப்படியில் ஏற்றினார்கள். கூடு தூக்கச் சொல்லவில்லை ரோபர்ட்டா, அந்த மட்டும் இரக்கம் இருந்தது.

குப்புறப் படுத்தேன். முழங்கையை என் இடுப்புக்கு மேலே மெதுவாக வைத்தாள். அவளுக்குக் கொஞ்சம் நடுக்கம் இருந்தது, என் தோலுக்கே தெரிந்தது.

"இங்கயா?"

"ஒண்…"

"இறங்குறியா?"

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் லார்ன் தொண்டையைக் கனைத்தான். முகம் புதைந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் அப்பன் சொல்லாத வார்த்தை அது. அவன் அப்பனும் சொல்லியிருக்க மாட்டான்.

"வலிக்குது," என்றேன்.

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ. இடப்பக்கம். ஆங்… அங்கதான். ஐயோ, அங்கதான்டி!"

"அழுத்தட்டுமா, விடட்டுமா?"

"அழுத்து. இன்னும். இன்னும்… ஐயோ, போதும், போதும்!"

"அப்படிச் சொல்லு!" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். முழங்கை நகர்ந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். அவள் கேட்கக் கேட்க நான் கத்தினேன், நான் கத்தக் கத்த அவள் கற்றுக்கொண்டாள். நடுக்கம் எப்போது நின்றதென்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெருவுக்குக் கேட்டிருக்கும். தீயணைப்பு நிலையத்துக்கும் கேட்டிருக்கும் என்று வெளியே வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேவாலயத்து வளாகம் காலியாகக் கிடந்தது. பாஸ்டர் மட்டும் வாசலில் நின்று குழப்பத்தோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகளெல்லாம் ரோபர்ட்டாவின் முன்வாசலில் நின்றன. முதலில் நின்றது கிளேட்டன் கோரமின் வண்டி.