சின்னராசா அண்ணை ஒட்டிய கண்ணாடி

சின்னராசா அண்ணை போய்விட்டார். இன்று காலை, வட்டக்கச்சி வீட்டில். நெஞ்சு நோகிறது என்று கதிரையில் இருந்தவராம்... அவ்வளவுதான்.

எங்கள் ஹோட்டல் சைட்டின் தலைமை மேசன். கிளிநொச்சியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றின் சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு புது ஹோட்டல் கட்டுகிறோம் என்று இங்கே படம் படமாகப் போட்டேனே, அந்த சைட். டிசைன் என்னுடையது.

நீங்கள் எல்லாரும் லைக் போட்ட உயரமான சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

நேற்றுப் பின்னேரம், வேலை முடிந்த பிறகு, இரண்டு தரம் எனக்குப் போன் பண்ணியிருக்கிறார். நான் ஓனரோடு மீட்டிங்கில். எடுக்கவில்லை. பிறகு அவருக்குத் திருப்பி எடுக்கவும் இல்லை.

அந்த இரண்டு மிஸ்ட் கோலையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

பழைய சுவர் தண்ணீரில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, சுவரடியிலேயே நீச்சல் குளத்தைப் பிளானில் கீறினவள் நான். பிளானைக் கண்டதும் அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, இந்தச் சுவருக்கு அத்திவாரம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. கிட்டக் கிண்டாதேங்கோ."

ஆறடி தள்ளிக் கீறினேன். அதற்கே ஓனரின் முகம் கோணிவிட்டது.

அடுத்த நாள் அண்ணை மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் கொண்டுவந்து, சுவரின் வெடிப்புக்குக் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் சீமெந்தால் ஒட்டினார். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

"எங்கட கலியாணப் படத்தில கழட்டினது. மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்குப் போன் வரும். "கண்ணாடி இருக்கு பிள்ளை. தேத்தண்ணியைக் குடியுங்கோ." அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

சைட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். அண்ணையும் பயந்தவர்தான்... அந்தச் சுவரடியில் ஒருநாளும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்ததில்லை. மற்றவர்களையும் இருக்க விடமாட்டார்.

இன்று ஏழரைக்கு வந்தது அவருடைய மகளின் கோல்.

செத்த வீட்டுக்குப் போகிற வழியில் சைட்டில் இறங்கினேன். குளத்துக்குப் பெக்கோ மெஷின் மண் கிண்டிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் சுவரின் நிழலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெடிப்புக்குக் கிட்டப் போனேன்.

கண்ணாடி நடுவால் உடைந்திருந்தது.

நேற்று அதைச் சொல்லத்தான் போன் பண்ணினாரோ, தெரியாது. இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

பெக்கோவை நிறுத்தி, எல்லாரையும் றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். றோட்டில் நின்றுதான் இதை எழுதுகிறேன். ஓனரின் கோல் வந்துகொண்டே இருக்கிறது. சுவர் இன்னும் நிற்கிறது... அதைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

இனி செத்த வீட்டுக்குப் போய், கண்ணாடி இல்லாத அந்தக் கலியாணப் படத்துக்கு முன்னால் அண்ணையின் மனிசியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணை, ஆக்கள் எல்லாரும் வெளியில வந்திட்டினம். ஒருத்தரும் உள்ளுக்கு இல்லை.

நீங்கள் போயிட்டு வாங்கோ.