படுக்க மறுத்த பெண்

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், முக எலும்பு முறிவுகளைச் சரிசெய்யும் பிரிவில் அப்போது நான் இளைய மருத்துவர். ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். போர்ட் கிள்ளான் சாலையில் திரும்பிய லோரியின் பக்கவாட்டில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெண் மோதியிருக்கிறார். நாற்பது வயதிருக்கும். துறைமுகக் கிடங்கில் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருந்தது, முகத்தை அல்ல.

நான் போனபோது கழுத்துப் பட்டையோடு அவரை மல்லாந்து கிடத்தியிருந்தார்கள். அவரோ எழுந்துகொள்ளப் போராடிக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அசைவது ஆபத்து என்பதால் இரண்டு பேர் தோளை அழுத்தினார்கள். நானும் ஒரு கையைப் பிடித்தேன்.

"அக்கா, ஆடாதீங்க. படுங்க, ஒண்ணும் இல்ல லா."

அவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். தொண்டையில் களகளவென்று சத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. கீழ்த்தாடையைத் தொட்டேன். முன்பகுதி இரண்டு பக்கமும் உடைந்து தனித்துண்டாக ஆடியது. நாக்கை முன்னால் பிடித்து வைத்திருப்பதே அந்த எலும்புதான். அது பின்னால் சரிந்ததில் நாக்கு மூச்சுப் பாதையை அடைத்துவிட்டது. படுக்க வைத்தே அவரைக் கொன்றுகொண்டிருந்தோம்.

துணியால் நாக்கைப் பிடித்து இழுத்தேன். இரத்தத்தில் வழுக்கியது.

"உக்கார வைங்க!" என்று கத்தினேன்.

"கழுத்து, டாக்டர்! ஸ்கேன் இன்னும் எடுக்கல," என்றார் தாதி.

"தலைய நான் பிடிச்சுக்கிறேன். எல்லாரும் சேர்ந்து தூக்குங்க."

நிமிர்ந்ததும் வாயிலிருந்து இரத்தம் மடியில் கொட்டியது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. மயக்க மருந்து நிபுணர் வந்து மூச்சுக்குக் குழாய் போடும்வரை அந்தத் தலையை இரு கைகளுக்கு நடுவில் அசையாமல் பிடித்து நின்றேன். கழுத்தில் முறிவில்லை என்று பிறகு ஸ்கேனில் தெரிந்தது. அது அதிர்ஷ்டம், என் திறமை அல்ல.

அறுவைச் சிகிச்சைக்கு முன், பற்கள் எப்படிச் சேர்ந்திருந்தன என்று பார்க்க அவர் கணவரிடம் பழைய படம் கேட்டேன். ஃபோனை வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பல்லு தெரியிற மாதிரி படமே இல்ல டாக்டர். முன்பல்லு கோணல்னு வாய மூடிக்கும்."

கடைசியில் ஒன்று கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில், அவருக்குத் தெரியாமல் யாரோ எடுத்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோணல் மாறாமல் எலும்புகளைச் சேர்த்துத் தகடு பொருத்தினோம்.

ஆறு வாரம் கழித்து வந்தார். கீழுதடு இன்னும் மரத்திருந்தது; தண்ணீர் வழிந்தால்கூடத் தெரியவில்லையாம். உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றேன். அன்று அவரைப் படுக்க வைத்து அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"எனக்கு லோரி சத்தம் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு டாக்டர்," என்றார். பிறகு, "எப்ப மோட்டார் ஓட்டலாம்? பஸ்ஸ நம்பிப் போனா ஷிப்டுக்கு லேட் ஆயிடுது."